ஒரு பக்கம் கருகல், ஒரு பக்கம் வெளுப்பு: பேக்கரி ஓவனில் சீரில்லாத வேக்காட்டைப் பிடிப்பது எப்படி

ட்ரே வெளியே வருகிறது. இடது ஓரத்து பன்கள் நல்ல தேன் நிறம். வலது மூலையில் இருப்பவை மாவு மாதிரியே வெளுத்துக் கிடக்கின்றன. இந்த நேரத்தில் பெரும்பாலும் கை நேராகப் போவது வெப்பநிலைக் குமிழுக்குத்தான். பத்து டிகிரி கூட்டுகிறோம். அடுத்த ஈட்டில் வெளுத்தது சிவக்கிறது, சிவந்தது கருகுகிறது. குமிழ் மொத்த அறையையும் சேர்த்துத்தான் ஏற்றும், இறக்கும். இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை அது தொடுவதே இல்லை. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை செட் செய்த வெப்பநிலையை மாற்றாதீர்கள். மாற்றினால் தடயம் அழிந்துவிடும்.

முதலில் ட்ரேயைத் திருப்பிப் பாருங்கள்

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு ட்ரேயின் ஒரு மூலையில் அடையாளம் வையுங்கள். ஒரு ஈடு வழக்கம்போல் போடுங்கள். அடுத்த ஈட்டில் அதே ட்ரேயை, அதே தட்டில், அடையாளம் எதிர் மூலைக்கு வரும்படி திருப்பி வையுங்கள். கருகல் ஓவனின் அதே பக்கத்தில் நின்றால் கோளாறு ஓவனில். அடையாளத்தோடு சேர்ந்து கருகலும் திரும்பியிருந்தால் ட்ரேயில். இரண்டும் இல்லாமல் ஈட்டுக்கு ஈடு இடம் மாறினால் மாவிலோ, அடுக்கும் விதத்திலோ இருக்கிறது. இரண்டு ஈட்டு நேர வேலை. இதைச் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, அவர் ஓவனைக் கழற்றிப் பூட்டிய பிறகு வளைந்த ட்ரேதான் காரணம் என்று தெரிய வருவது எல்லா பேக்கரியிலும் ஒருமுறையாவது நடக்கும்.

கோளாறு ஓவனில்தான் என்றால் அடுத்தது பிரெட் வரைபடம். ஒரே லோஃபில் வெட்டிய, ஒரே தடிமனுள்ள வெள்ளை பிரெட் துண்டுகளை ட்ரே முழுக்க இடைவெளி இல்லாமல் பரப்புங்கள். எத்தனை தட்டு உண்டோ அத்தனையிலும் வையுங்கள். ஓவனை வழக்கமான வெப்பநிலையில் நன்றாகச் சூடேற்றி உள்ளே தள்ளுங்கள். முதல் துண்டு பழுப்பாகத் தொடங்கியதும் எல்லாவற்றையும் எடுத்து, ட்ரேக்களை வரிசையாக வைத்து மேலிருந்து படம் எடுங்கள். எந்தப் பக்கம் எந்தத் தட்டு என்று எழுதி வையுங்கள். டெக் ஓவன் (சூடான கல் தளத்தின் மேல் வேகவைக்கும் ஓவன்) என்றால் ட்ரே இல்லாமல் துண்டுகளைக் கல்லின் மேலேயே பரப்பி, எடுத்த பிறகு புரட்டியும் பார்க்க வேண்டும். மேல் பக்கம் சொல்வது மேல்சூட்டின் கதை, அடிப்பக்கம் சொல்வது கல்லின் கதை. ஓவன் நன்றாக இருக்கும் நாளிலும் இப்படி ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னால் ஒப்பிட ஒன்று கையில் இருக்கும்.

துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைப் பலர் நம்புகிறார்கள். கல்லின் மேல் நம்பலாம். பளபளக்கும் ஸ்டீல் சுவர், புது அலுமினிய ட்ரே ஆகியவற்றின் மேல் அது காட்டும் எண் பெரும்பாலும் உண்மையைவிட மிகக் குறைவாக இருக்கும். பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் கதிராக வெளியே விடுவது குறைவு. எதிரில் இருப்பதைத்தான் பிரதிபலிக்கும். காற்றின் வெப்பநிலையை அந்தக் கருவியால் அளக்கவே முடியாது. அதற்கு கே வகை தெர்மோகப்பிள் ஒயர் (நுனியில் சூட்டை உணரும் ஒயர்) பூட்டிய மீட்டர் வேண்டும். ஒயரின் நுனியை நான்கு மூலையிலும் நடுவிலும் மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வோர் இடத்திலும் ஹீட்டர் சிலமுறை எரிந்து அணையும்வரை ரீடிங் எடுங்கள். ஒரே ஒரு நொடியில் பார்த்த எண் எதற்கும் உதவாது.

எப்போதும் ஒரே மூலை வெளுக்கிறது: மின் ஓவன்

முதல் சந்தேகம் செத்துப்போன ஹீட்டர். இதில் ஏமாற்றம் என்னவென்றால், ஒரு ஹீட்டர் போனாலும் திரையில் வெப்பநிலை சரியாகவே காட்டும். மீதி ஹீட்டர்கள் கூடுதல் நேரம் எரிந்து சென்சாரைத் திருப்திப்படுத்திவிடும். அதனால் போன ஹீட்டர் இருக்கும் பக்கம் வெளுக்கும், மற்ற பக்கம் வழக்கத்தைவிட அதிகமாகச் சிவக்கும். திரையைப் பார்த்தால் தெரியாத இந்தக் கோளாறு கடிகாரத்தைப் பார்த்தால் தெரியும். ஆறிய ஓவன் 200 டிகிரிக்கு ஏற எத்தனை நிமிடம் ஆகிறது என்று, எல்லாம் சரியாக இருக்கும் ஒரு நாளில் குறித்து ஓவன் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். அந்த எண் கணிசமாகக் கூடியிருந்தால் எங்கோ சூடு குறைகிறது.

பெரிய ஓவன்கள் மூன்று ஃபேஸில் ஓடும். ஹீட்டர்களை மூன்று கூட்டமாகப் பிரித்து ஒவ்வொரு ஃபேஸுக்கும் ஒரு கூட்டம் கொடுத்திருக்கும் ஓவன் நிறைய உண்டு. அப்படிப்பட்டதில் ஒரு ஃபேஸ் வராவிட்டால் மூன்றில் ஒரு பங்கு சூடு சத்தமில்லாமல் போய்விடும். எலக்ட்ரீஷியனிடம் கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு ஃபேஸிலும் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஹீட்டர் எரியும் நேரத்தில் மூன்றிலும் ஆம்பியர் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும் (ஹீட்டர்களைச் சமமாகப் பிரிக்காத ஓவன் என்றால் அதன் ஒயரிங் படத்தோடு ஒப்பிட வேண்டும்). ஒன்று குறைந்தால் ஃபியூஸ், கான்டாக்டரின் (ஹீட்டருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒரு முனை, டெர்மினல், கடைசியாக ஹீட்டர் என்ற வரிசையில் தேடலாம். கறுத்து, உருகிய வாசனையோடு இருக்கும் டெர்மினல் பல நேரம் கண்ணுக்கே தெரியும். மெயினை அணைத்துவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன்.

வோல்டேஜையும் பாருங்கள். ஹீட்டரின் சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் சூடு 19 சதவீதம் குறையும். மூன்று ஃபேஸிலும் ஒன்றாகக் குறைந்தால் ஓவன் முழுக்கச் சோம்பும். ஒன்றில் மட்டும் குறைந்தால் அந்த ஃபேஸில் இருக்கும் ஹீட்டர்களின் பக்கம் வெளுக்கும். பக்கத்தில் பெரிய மிக்ஸரோ குளிர்சாதனமோ ஓடும் நேரத்தில் மட்டும் வெளுப்பு வருகிறது என்றால் இதுதான்.

ஹீட்டர் மாற்றிய பிறகு பிரச்சினை தொடங்கியிருந்தால் புது ஹீட்டரின் வாட்டைப் பாருங்கள். நானே ஒருமுறை நீளமும் வளைவும் பொருந்துகிறது என்று வாங்கிப் போட்டுவிட்டு, ஒரு வாரம் மாவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பழையது 1500 வாட், புதியது 1000. உறையில் அச்சடித்தே இருந்தது.

கேஸ், டீசல் ஓவன்

பர்னரைப் பார்க்கும் கண்ணாடி வழியாகச் சுடரைப் பாருங்கள். கேஸ் சுடர் நீலமாக, ஒரே உயரத்தில், வரிசை விடாமல் இருக்க வேண்டும். நடுவில் பல் விழுந்த மாதிரி இடைவெளி இருந்தால் அந்த ஓட்டைகளை மாவுத் தூசியோ துருவோ அடைத்திருக்கிறது. அதற்கு நேர் மேலே உள்ள கல் குளிர்ந்திருக்கும். பர்னர் ஆறிய பிறகு கடினமான பிரஷ்ஷால் சுத்தம் செய்யலாம். கம்பியை விட்டுக் குடைந்து ஓட்டையைப் பெரிதாக்கிவிட்டால் அந்த இடத்தில் சுடர் உயர்ந்து புதுக் கருகல் வரும்.

கேஸ் அழுத்தத்தை எல்லா அடுப்பும் எரியும்போதுதான் அளக்க வேண்டும். எதுவும் எரியாத நேரத்தில் அளந்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். ஓவனின் தகட்டில் போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஓட்டத்தில் அதற்குக் கீழே போனால் குழாய் மெலிந்தது அல்லது ரெகுலேட்டர் போதவில்லை.

சுடர் மஞ்சளாகி, கரி படிந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். இது வேக்காட்டுப் பிரச்சினையோடு நிற்பதில்லை. அரைகுறையாக எரியும் கேஸில் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. அணைத்துவிட்டு, காற்றோட்டம் கொடுத்து, பர்னர் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அதுவரை ஒரு ஈடுகூட வேண்டாம்.

டீசல் பர்னர் ஓவனில் வழக்கமான குற்றவாளி கரி. ஹீட் எக்ஸ்சேஞ்சர் (பர்னரின் சூட்டை ஓவன் காற்றுக்கு மாற்றும் பகுதி) குழாய்களுக்குள் கரி படிந்தால் சூடு உள்ளே வராமல் புகைபோக்கி வழியாகப் போய்விடும். ஓவன் மெதுவாக ஏறும், புகைபோக்கி வழக்கத்தைவிட அதிகமாகச் சுடும். இரண்டும் சேர்ந்து வந்தால் நாசிலையும் எக்ஸ்சேஞ்சரையும் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது. பிரெட்டில் டீசல் புகை மணம் வந்தால் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் இருக்கலாம். ஓவனை நிறுத்திவிடுங்கள்.

ரோட்டரி ரேக் ஓவனில் மேல் தட்டு ஒரு நிறம், கீழ்த் தட்டு ஒரு நிறம்

ட்ரேக்களை அடுக்கிய ரேக் உள்ளே சுற்றிக்கொண்டே வேகும் இந்த ஓவன்களில் சூடான காற்று பக்கவாட்டுச் சுவரில் மேலிருந்து கீழாக உள்ள பிளவுகள் வழியாக வரும். பெரும்பாலான ஓவன்களில் அந்தப் பிளவுகளைக் கூட்டிக் குறைக்கலாம். வெளுக்கும் தட்டுகளுக்கு நேராக உள்ள பிளவைக் கொஞ்சம் திறக்க வேண்டும், அல்லது கருகும் இடத்தில் கொஞ்சம் மூட வேண்டும். ‘கொஞ்சம்’ என்றால் 2, 3 மில்லிமீட்டர். ஓரிடத்தில் திறந்தால் மற்ற இடங்களுக்குப் போகும் காற்று குறையும் என்பதால் ஒரு ஈட்டுக்கு ஒரு மாற்றம்தான். தொடங்குமுன் பழைய நிலையை மார்க்கரால் சுவரிலேயே குறித்துவிடுங்கள். குறிக்காமல் தொடங்கியவர்கள் நாலாவது ஈட்டில் எங்கே இருந்தோம் என்று தெரியாமல் நிற்பார்கள்.

ஆனால் நேற்றுவரை சரியாக இருந்த ஓவன் இன்று இப்படி ஆனது என்றால் பிளவுகளைத் தொடாதீர்கள். அவை தாமாக நகர்வதில்லை. ஃபேனைப் பாருங்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு மின்வேலைக்குப் பிறகு. புது மெயின் போர்டு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையிலிருந்து மேல் ஐந்து தட்டு சிவப்பு, கீழே எல்லாம் வெளுப்பு. ஃபேன் ஓடும் சத்தம் வழக்கம்போல் கேட்டது, கையை நீட்டினால் பிளவிலிருந்து காற்றும் வந்தது. மூன்று நாள் மாவு, ஈஸ்ட், புரூஃபிங் (உருட்டிய மாவை உப்பவைப்பது) என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தோம். நாலாம் நாள் மோட்டாரின் மேல் இருந்த அம்புக்குறியையும் சுற்றும் திசையையும் ஒப்பிட்டபோதுதான் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றுவது தெரிந்தது. மூன்று ஃபேஸில் ஏதாவது இரண்டு ஒயர் இடம் மாறினால் மோட்டார் திசை மாறிவிடும். இந்த வகை ஓவன்களில் உள்ள மையவிலக்கு ஃபேன் எதிராகச் சுற்றினாலும் காற்றை அதே வழியில்தான் தள்ளும், ஆனால் மிகக் குறைவாக. அதனால்தான் கையை வைத்துப் பார்த்தால் ஏமாந்துவிடுகிறோம். இரண்டு ஒயரை மாற்றிப் போட ஐந்து நிமிடம் ஆனது. மின்வேலை, மோட்டார் மாற்றம், ஜெனரேட்டர் இணைப்பு, இந்த மூன்றில் எது நடந்தாலும் அதன் பிறகு முதலில் அம்புக்குறியைப் பாருங்கள்.

திசை சரி என்றால் இறக்கைகளைப் பாருங்கள். நெய்ப்பிசுக்கும் மாவுத் தூசியும் சேர்ந்து இறக்கையின் வளைவை நிரப்பியிருந்தால் காற்று குறையும். பெல்ட் உள்ள ஃபேன் என்றால் தளர்வையும் பாருங்கள்.

ரேக்கின் ஒரு பக்கம் மட்டும் மேலிருந்து கீழ்வரை கருகினால் அது காற்றே அல்ல; ரேக் சுற்றவில்லை. ஆள் பார்க்கும்போது சுற்றி, எடை ஏறியதும் வழுக்கி நிற்கும் ரேக்குகள் உண்டு. முழு லோடுடன் கண்ணாடி வழியாகப் பார்த்து ஒரு சுற்றுக்கு எத்தனை நொடி என்று எண்ணுங்கள். காலி ரேக்கோடு ஒப்பிடுங்கள்.

ஒவ்வொரு ட்ரேயிலும் வெளி ஓரம் சிவந்து நடு வெளுப்பாக இருந்தால், கொஞ்சம்வரை அது இயல்பு. ஓரம்தான் காற்றுக்கு அருகில் போகிறது. மிஞ்சிப் போனால் வெப்பநிலையைக் குறைத்து நேரத்தைக் கூட்டலாம். ட்ரேக்கு நடுவில் உள்ள இடைவெளியும் முக்கியம். உப்பிய பன் மேல் ட்ரேயின் அடியைத் தொடும் அளவுக்கு நெருக்கினால் நடுவுக்குக் காற்று போகவே வழி இல்லை.

சின்ன கன்வெக்‌ஷன் ஓவன்

ஃபேன் இருக்கும் பின்பக்கம் கருகுவது இங்கே சகஜம். ட்ரே பின்சுவரைத் தொட்டு நின்றால் காற்று திரும்பிப் போகும் வழி அடைபட்டு இது இன்னும் மோசமாகும். கப் கேக் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து வந்தால் காற்று வேகம் அதிகம். வேகம் குறைக்கும் வசதி இருந்தால் குறையுங்கள். இல்லாவிட்டால் மேலே ஓடு பிடிக்கும்வரையாவது ஃபேன் இல்லாத முறையில் வையுங்கள். ஃபேன் இல்லாத ஓவனுக்கு எழுதிய வெப்பநிலையை இதில் அப்படியே வைத்தால் ஓரம் கருகி நடு வேகாது. 15, 20 டிகிரி குறைக்க வேண்டும். திசை மாறி மாறிச் சுற்றும் ஃபேன் உள்ள ஓவனில், மாறுவது நின்றுவிட்டால் ஒரு பக்கக் கருகல் வரும். ஐந்து நிமிடம் நின்று கவனித்தால் தெரிந்துவிடும்.

டெக் ஓவன்: முதல் ஈடு மட்டும் கெடுகிறது

மேலே கலர் வந்திருக்கிறது, அடி வெளுப்பு. கல் இன்னும் சூடாகவில்லை. திரை காட்டுவது சென்சார் இருக்கும் இடத்தின் சூட்டை. கனமான கல் அதற்குப் பின்னால்தான் வரும். திரையில் எண் வந்த பிறகு இன்னும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் விடுங்கள். இதற்கு நேர் எதிர்க் கதையும் உண்டு: நடுவில் ஒரு மணி நேரம் காலியாக எரிந்துகொண்டிருந்த ஓவனில் போடும் முதல் ஈட்டில் அடி கருகும். அடிச்சூட்டைக் குறைத்து வைத்திருந்து, லோடு செய்யும்போது ஏற்றுங்கள்.

அடுத்தடுத்து ஈடு போடும்போது அடி வரவர வெளுத்தால் கல்லுக்கு மூச்சு விட நேரம் தரவில்லை. ஈட்டுக்கு நடுவில் பத்து நிமிடமாவது கதவை மூடி வைக்க வேண்டும். எல்லா ஈட்டிலும் ஒரே இடத்தில் அடி கருகினால் அந்தக் கல்லைத் தட்டிப் பாருங்கள். விரிசல் விட்ட கல் மந்தமான சத்தம் தரும்.

முன்பக்கம் எப்போதும் வெளுப்பு

கதவு. ஓர் அங்குல அகலக் காகிதப் பட்டையைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். ஓவன் ஆறியிருக்கும்போது சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு இடத்தில் இப்படிச் செய்ய வேண்டும். பட்டை தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில் கேஸ்கட் (கதவைச் சுற்றியுள்ள அடைப்புப் பட்டை) அமுங்கிவிட்டது அல்லது கீல் தொய்ந்துவிட்டது. கேஸ்கட் புதிதாக இருந்தும் வெளுத்தால், ஆவி வெளியேற்றும் டேம்பர் மூடுகிறதா என்று பாருங்கள். கைப்பிடி ‘மூடு’ என்ற பக்கம் இருக்கும், உள்ளே தகடு பிசின் பிடித்துப் பாதியில் நிற்கும்.

சிலசமயம் கோளாறு ஓவனிலேயே இல்லை. மேலே இருக்கும் புகைக்கூண்டு பலமாக இழுத்தால், ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் முன்பக்கச் சூடு போய்விடும். கூண்டின் ஃபேனை அணைத்து ஒரு மின் ஓவனில் ஓர் ஈடு போட்டுப் பார்க்கலாம். கேஸ் ஓவனில் இந்தச் சோதனை வேண்டாம்.

கோளாறு ட்ரேயோடு திரும்புகிறது

சமதளமான மேசையில் ட்ரேயைக் கவிழ்த்து வைத்து மூலைகளை அழுத்துங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது. டெக் ஓவனில் வளைந்த ட்ரேயின் நடு கல்லைத் தொடாது, தொடும் இடம் மட்டும் கருகும். கறுத்த ட்ரே சூட்டை அதிகம் உறிஞ்சும், புது அலுமினிய ட்ரே பிரதிபலிக்கும். இரண்டையும் ஒரே ஈட்டில் கலந்து வைத்தால் இரண்டு நிறம் வருவதில் ஆச்சரியமே இல்லை. பழையவற்றை ஒரு ஈடாக, புதியவற்றை ஒரு ஈடாகப் போடுங்கள்.

கேக் ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் பள்ளமாகவும் வந்து, பள்ளப் பக்கம் அதிகம் சிவந்திருந்தால் ஸ்பிரிட் லெவலை எடுங்கள். ஓவனின் தரையைப் பார்த்தால் போதாது, உள்ளே ட்ரே உட்காரும் கம்பியின் மேல் வைத்துப் பாருங்கள்.

எந்த ஒழுங்கும் இல்லாமல் அங்கங்கே வெளுப்பு

இங்கே ஓவனை விட்டுவிட்டு மேசைக்கு வாருங்கள். பத்து உருண்டைகளை எடுத்து எடை போடுங்கள். 60 கிராம் என்று சொல்லும் உருண்டை 52 முதல் 68 வரை ஓடினால் எந்த ஓவனும் ஒரே நிறம் தராது. அடுத்து முட்டை பூசும் கை. பிரஷ் காயும் நேரத்தில் பூசிய பன்கள் வெளுக்கும், நனைத்ததும் பூசியவை சிவக்கும். பார்க்க அச்சு அசல் ஓவன் கோளாறு மாதிரியே இருக்கும். ஒரு ட்ரேயை எதுவும் பூசாமல் போட்டுப் பாருங்கள். நிறம் ஒன்றானால் சந்தேகம் தீர்ந்தது.

புளித்து நேரம் தாண்டிய மாவில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றுவிட்டிருக்கும், சிவக்க எதுவும் மிஞ்சாது. அதனால் கடைசியாக உருட்டிய ட்ரே நன்றாகவும், முதலில் உருட்டிக் காத்திருந்த ட்ரே வெளுப்பாகவும் வரும். புரூஃபரில் ஈரம் குறைந்து மாவின் மேல் தோல் காய்ந்தாலும் அந்த இடம் மங்கி, திட்டுத் திட்டாகத் தெரியும். பிரெட்டின் ஒரு பக்கம் பளபளப்பும் ஒரு பக்கம் மந்தமும் என்றால் ஆவி எல்லா இடத்துக்கும் போகவில்லை. தண்ணீர் தெளிக்கும் குழாயின் ஓட்டைகளில் சுண்ணாம்பு அடைத்திருக்கும்.

ஓவன் முழுக்க ஒரே மாதிரி கருகல், அல்லது ஒரே மாதிரி வெளுப்பு

இது சீரின்மை இல்லை, அளவுப் பிழை. சென்சார் நுனியில் பிசுக்கு படிந்திருந்தால் ஓவன் சூடு ஏறுவதைத் தாமதமாக உணரும். சுத்தம் செய்யும்போது யாராவது அதை வளைத்துச் சுவரோடு ஒட்டவைத்திருந்தால் காற்றுக்குப் பதில் சுவரை அளக்கும். நுனியைத் துடைத்து, பழைய இடத்தில் நிறுத்தி, தெர்மோகப்பிள் மீட்டரை அதன் பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரம் ஒப்பிடுங்கள். செட் செய்த எண்ணைத் தாண்டியும் சூடு ஏறிக்கொண்டே போனால் கான்டாக்டரோ ரிலேயோ ஒட்டிக்கொண்டுவிட்டது, மெயினை அணையுங்கள். வித்தியாசம் எப்போதும் ஒரே அளவாக, உதாரணமாக 12 டிகிரி குறைவாக இருந்தால், கன்ட்ரோலரில் அந்த 12ஐத் திருத்திக்கொள்ளலாம். கோளாறைச் சரிசெய்ய வெப்பநிலை எண்ணைத் திருத்த வேண்டிய இடம் இது ஒன்றுதான்.